மைக் அக்காவின் புது வால்வு

துறைமுக அணியின் ஏழாம் எண் ஆட்டக்காரன் நடுக்கோட்டிலிருந்து பந்தோடு கிளம்பியபோது மைதானம் முழுவதும் எழுந்து நின்றுவிட்டது. ஒலிபெருக்கியில் மைக் அக்காவின் குரல் அவனுக்கு ஈடாக ஓடியது.

"ஏழு வர்றான், ஏழு வர்றான், ஒருத்தரைத் தாண்டியாச்சு, ரெண்டாவது ஆளு தரையிலயே உக்காந்துட்டாரு, யாராவது அவருக்கு ஒரு நாற்காலி போடுங்கப்பா, முன்னாடி கோல்கீப்பர் மட்டும்தான், அவரு முகத்தைப் பாத்தா வீட்டுல அடுப்பை அணைக்காம வந்தவர் மாதிரி இருக்கு..."

ஏழு அடித்தான். வலை குலுங்கியது. "கோ" என்றார் அக்கா. அதற்கு மேல் சத்தம் வரவில்லை.

நான் திரும்பிப் பார்த்தேன். மைக் மேசைமேல் உருண்டுகொண்டிருந்தது. அக்கா நாற்காலியில் சாய்ந்து, ஒரு கையால் நெஞ்சைப் பிடித்தபடி, கண் திறந்திருக்க எங்கேயோ போயிருந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. தோளைப் பிடித்து உலுக்கினேன். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "ஆஃப்சைடு இல்லையே?" என்பதுதான்.

நான் அந்த வர்ணனை அறையில் அவருக்குப் பக்கத்து நாற்காலிக்காரன். வார நாட்களில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். ஆட்ட நாட்களில் ஸ்கோர் பலகையில் எண் மாற்றுகிறேன். பல வருடப் பழக்கம். அவர் எனக்கு உடன்பிறந்தவர் இல்லை. ஆனால் அக்கா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, ஊரே அவரை மைக் அக்கா ஆக்கிவிட்டது. அவருடைய சொந்தப் பெயர் அவர் வீட்டுக்காரருக்கே யோசித்தால்தான் வரும்.

ஆரம்பத்தில் அவர் மைதானத்து வாசலில் டிக்கெட் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர். ஒருநாள் வர்ணனைக்காரருக்குத் தொண்டை கட்டிப்போனது. இரண்டு அணிகளின் பட்டியலை மட்டும் வாசித்துவிட்டு இறங்கிவிடச் சொல்லி மைக்கை அக்காவிடம் கொடுத்தார்கள். அக்கா வாசித்தார். பிறகு ஒரு கோல்கீப்பரின் கால்சட்டை எவ்வளவு பெரியது என்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். கூட்டம் சிரித்தது. அதன்பிறகு மைக் அவர் கையை விட்டு இறங்கவே இல்லை. அவர் வைக்கிற பட்டப்பெயருக்காக ஏங்குகிற ஆட்டக்காரர்கள் உண்டு. 'தபால்பெட்டி' என்று ஒருவன், வந்த பந்தையெல்லாம் விழுங்கிவிடுவான், யாருக்கும் கொடுக்கமாட்டான். அவனுக்கு அந்தப் பெயரில் பெருமை தாங்காது.

வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், துறைமுகத்தில் கிரேன் இயக்கி ஓய்வு பெற்றவர். அக்கா பேசுவதற்கும் சேர்த்து அவர் பேசாமல் இருப்பார். துறைமுக அணி அவருக்கு உயிர். அக்காவோ மைக்கைப் பிடித்தால் எந்தப் பக்கமும் சாயமாட்டார். அணி தோற்ற நாட்களில் மாமா வீட்டில் ரேடியோவைக் கூட அணைத்துவிடுவார். "உன் குரல் கேட்டாலே அந்த கோல் ஞாபகம் வருது" என்பார். ஒரே மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். அவள் அம்மாவின் வாயையும் அப்பாவின் பிடிவாதத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டு பிறந்தவள்.

அன்று மயக்கம் வந்ததை வீட்டில் சொல்லக்கூடாது என்று அக்கா என்னிடம் கேட்டுக்கொண்டார். நான் தலையாட்டிவிட்டு, கீழே இறங்கியதும் மகளுக்கு போன் போட்டேன். இதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. சில மாதங்களாகவே அவர் அறைக்கு ஏறுகிற படியில் பாதியில் நின்று, மைதானத்தைப் பார்க்கிற மாதிரி பாவனை செய்துகொண்டிருந்தார். ஆட்டம் தொடங்காத வெறும் புல்லை அப்படி என்ன பார்ப்பது?

மருத்துவமனையில் நெஞ்சில் கருவியை வைத்து ஸ்கேன் எடுத்தார்கள். இதய மருத்துவர் கண்ணாடி அணிந்த, வேகமாகப் பேசுகிற ஒரு பெண். திரையை அக்கா பக்கம் திருப்பி வைத்தார். மகளும் மாமாவும் நானும் பின்னால் நெருக்கியடித்து நின்றோம்.

"இங்க பாருங்கம்மா. இதயத்துலேர்ந்து ரத்தம் உடம்புக்கு வெளிய போற வாசல் இது. இதுல மூணு இதழ் இருக்கும். பூ மாதிரி விரிஞ்சு மூடணும். உங்களுக்கு அதுல சுண்ணாம்பு படிஞ்சு இறுகிப்போச்சு. விரலை விட்டுத் திறக்கப் பாத்தாலும் திறக்காது. ஒரு கீறல் அளவுதான் வழி இருக்கு. நீங்க கத்தும்போது உடம்பு நிறைய ரத்தம் கேக்குது. இதயத்தால அனுப்ப முடியல. அதான் மயக்கம்."

"அப்ப கத்தாம இருந்தா போதுமா?" என்று மாமா கேட்டார். அன்றைக்கு அவர் பேசிய முதல் வாக்கியம் அது.

"போதாதுங்க. மயக்கம் வர்ற அளவுக்கு வந்தப்புறம் வால்வை மாத்தாம விட்டா, ரெண்டு வருஷத்துல பாதிப் பேர் இருக்கமாட்டாங்க."

அக்கா கேட்டார்: "நெஞ்சைப் பிளக்கணுமா?"

மருத்துவரின் முகம் மலர்ந்தது. அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "முன்னாடி அது ஒண்ணுதான் வழி. இப்பவும் பல பேருக்கு அதுதான் நல்லது. ஆனா உங்க வயசுக்கும், உங்க ரத்தக்குழாய் நல்லா இருக்கிறதுக்கும், இன்னொரு வழி இருக்கு. தொடையில ஒரு சின்ன ஓட்டை. அது வழியா மெல்லிசான குழாய். அந்தக் குழாய்க்குள்ள புது வால்வைக் குடை மாதிரி மடிச்சு வச்சிருப்போம். இதயம் வரைக்கும் கொண்டுபோய் அங்க விரிச்சுடுவோம். பழைய வால்வு ஓரமா ஒதுங்கிக்கும். நீங்க முழிச்சிட்டே இருக்கலாம். அடுத்த நாள் நடக்கலாம்."

அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மாதிரி வால்வை எடுத்து அக்காவின் உள்ளங்கையில் வைத்தார். உலோக வலைக்கூடு, உள்ளே வெண்மையான மெல்லிய தோல். மாட்டு இதயத்தைச் சுற்றியிருக்கிற உறையில் செய்தது என்றார். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோப்பையைத் தொட்டுப் பார்க்கிற ஆட்டக்காரன் மாதிரி இருந்தது அவர் முகம்.

"இது தொடை வழியா போகுதா?"

"போகுது."

"நான் முழிச்சிட்டிருப்பேன்?"

"கொஞ்சம் தூக்கக் கலக்கமா இருக்கும். பேசலாம்."

"பேசலாமா?" என்றார் அக்கா, மகள் பக்கம் திரும்பி, ஏதோ பரிசு விழுந்த மாதிரி.

ஆபத்தையும் மருத்துவர் மூடி மறைக்கவில்லை. ஓட்டை போட்ட இடத்தில் ரத்தம் கசியலாம். இதயத்தின் மின்சார ஓட்டம் கெட்டு, பேஸ்மேக்கர் வைக்க வேண்டி வரலாம். "இன்னொண்ணு, பக்கவாதம். வால்வை விரிக்கும்போது பழைய சுண்ணாம்புத் துணுக்கு உடைஞ்சு ரத்தத்தோட மூளைக்குப் போயிடலாம். நூத்துல ரெண்டு மூணு பேருக்கு வருது. கை கால் போகலாம், பேச்சு போகலாம். வந்தா பெரும்பாலும் முதல் ஒண்ணு ரெண்டு நாள்லயே வந்துடும்."

அதுவரை நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அக்கா வால்வை மேசையில் வைத்துவிட்டார். "உயிர் போனா போகட்டும் டாக்டர். பேச்சு போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"அம்மா, என்ன பேச்சு இது" என்றாள் மகள்.

"நீ சும்மா இரு. நான் கேக்கிறது நியாயமான கேள்வி."

"நியாயமானதுதான்" என்றார் மருத்துவர். "அதுக்கு ஒரு வலை வச்சிருக்கோம். கைமணிக்கட்டு வழியா அனுப்பி, மூளைக்குப் போற பெரிய குழாய்கள்ல ரெண்டுல விரிச்சு வைப்போம். துணுக்கு வந்தா அதுல மாட்டிக்கும். வேலை முடிஞ்சதும் வலையைச் சுருட்டி வெளிய எடுத்துடுவோம்."

"வலைன்னா, கோல் வலை மாதிரியா?"

"அதைவிடச் சின்ன கண்ணு. ஆனா எல்லாக் குழாயையும் அது மறைக்காது. அதுவும் இல்லாம, இந்த வலையால பக்கவாதம் குறையுதான்னு பெரிய ஆய்வெல்லாம் நடந்திருக்கு. குறையுதுன்னு அடிச்சுச் சொல்ற மாதிரி விடை வரல. துணுக்கு மாட்டுறது உண்மை. மாட்டினதால எத்தனை பேர் தப்பிச்சாங்கன்னு என்னால உறுதி சொல்ல முடியாது. உங்க வால்வுல சுண்ணாம்பு அதிகம். அதனால நான் வைப்பேன்."

வீட்டுக்கு வந்ததும் சண்டை. மாமா வேண்டாம் என்றார். மகள் நாளைக்கே செய்ய வேண்டும் என்றாள். நூற்றில் இரண்டு மூன்று என்பதை மாமா ஒரு பக்கமாகவும் மகள் மறுபக்கமாகவும் இழுத்துக்கொண்டிருந்தார்கள். தேநீர் ஆறிப்போனது. நடுவில் உட்கார்ந்திருந்த அக்கா, கடைசியில் மாமாவின் கையைத் தட்டினார்.

"ஏங்க, ஒரு பெனால்டி. நூறு தடவை அடிச்சா தொண்ணூத்தேழு தடவை உள்ள போகும்னு தெரியுது. அடிக்கிறவன் திரும்பி வீட்டுக்குப் போயிடுவானா?"

"அந்த மூணுல ஒண்ணு நீயா இருந்தா?"

"அப்ப நீங்க பேசுங்க. இத்தனை வருஷம் சேத்து வச்சிருக்கீங்கல்ல."

மாமா சிரிக்கவில்லை. ஆனால் மறுநாள் மருத்துவமனைக்கு எடுத்துப்போகிற பையை அவர்தான் அடுக்கினார்.

சிகிச்சை அறைக்குள் நாங்கள் யாரும் போகவில்லை. அங்கே நடந்தது அக்கா சொல்லித்தான் தெரியும். செவிலியர்களும் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நெஞ்சுக்கு மேல் பெரிய எக்ஸ்ரே கருவி, பக்கத்தில் திரைகள், ஈய அங்கி அணிந்த ஆட்கள். அக்காவுக்குத் தூக்கக் கலக்கம் கொடுக்கிற மருந்து ஏறியதும் வாய் தானாகத் திறந்துகொண்டதாம்.

"பந்து இப்ப தொடையில இருக்கு" என்று தொடங்கியிருக்கிறார். "மேல வருது, வயித்தைத் தாண்டிடுச்சு, தடுக்க ஆளே இல்ல. டாக்டரம்மா கையில கம்பி, அவங்க முகத்துல சிரிப்பு இல்ல, கவனம்தான் இருக்கு. மணிக்கட்டு வழியா வந்த வலை விரிஞ்சாச்சு..."

"அம்மா, இப்ப கொஞ்ச நேரம் பேசாதீங்க. இதயத்தை வேணும்னே வேகமா ஓட வைக்கப்போறோம். அப்ப அது ரத்தத்தை வலுவா தள்ளாது, வால்வு நகராம உக்காரும். தலை சுத்தும்" என்றிருக்கிறார் மருத்துவர்.

அக்கா வாயை மூடினார். நெஞ்சுக்குள் ஒரு பறவை சிறகடித்த மாதிரி இருந்ததாம். காது அடைத்து, வெளிச்சம் மங்கி, எல்லோரும் தூரப் போய்விட்டார்கள். யாரோ எண்ணினார்கள். பிறகு வெளிச்சம் திரும்பியது. கூடவே இன்னொன்றும் வந்தது. "விரல் நுனியில சூடு வந்துச்சுடா" என்று என்னிடம் சொன்னார். "கால் விரல்ல கூட. எத்தனை மாசமா என் கால் ஜில்லுன்னு இருந்துச்சுன்னு அப்பதான் எனக்கே தெரிஞ்சுது." திரையில் ஒரு கோடு உயர்ந்து எழுந்ததைப் பார்த்து மருத்துவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைத்தார்களாம். புது வால்வு திறந்து மூடிக்கொண்டிருந்தது.

வெளியே வந்த மருத்துவர் எங்களிடம் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியைக் காட்டினார். திரவத்தின் அடியில் மஞ்சள் நிறத்தில் மூன்று நான்கு துணுக்குகள் கிடந்தன. பெரியது ரொட்டித்தூள் அளவு. "வலையில இருந்தது" என்றார். மாமா குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். மகள் அவரிடமிருந்து குப்பியை மெதுவாக வாங்கி மருத்துவரிடம் கொடுத்தாள்.

மறுநாள் மதியம் பார்வையாளர் நேரத்தில் நான் போனேன். ஜன்னலோரக் கட்டில். கன்னத்தில் நிறம் ஏறியிருந்தது. காலையில் தாழ்வாரத்தில் இரண்டு முறை நடந்தாராம். மாமா பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அக்காவுக்கு ஒரே உற்சாகம். சிகிச்சையை முதலிலிருந்து வர்ணிக்கத் தொடங்கினார். பக்கத்துக் கட்டில்காரர்கள் தலையணையைச் சரிசெய்து நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கதவோரம் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த செவிலியும் நின்றுவிட்டார்.

"...அப்ப டாக்டரம்மா சொல்றாங்க, இப்ப விரிக்கப்போறோம்னு. நான் மேல பாக்கிறேன். திரையில என்னோட, என்னோட..."

நின்றார். யோசித்தார். "என்னோட சாவி துடிக்குது" என்றார்.

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். வேடிக்கை என்று நினைத்துவிட்டார். நானும் ஒரு கணம் அப்படித்தான் நினைத்தேன்.

"சாவி" என்றார் அக்கா மறுபடியும், இப்போது எரிச்சலோடு. "இல்ல. சாவி. அந்த ஜன்னல்... ஜன்னல் வந்து..." வலது கையை உயர்த்தி நெஞ்சைத் தொடப் போனார். கை பாதியில் தளர்ந்து மடியில் விழுந்தது. உதட்டின் ஒரு ஓரம் கீழே இறங்கியது. அவர் கண்களில் ஏற்பட்ட திகைப்பை நான் சொல்ல விரும்பவில்லை. தனக்கு என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. சொல்லத்தான் வார்த்தை இல்லை.

மாமாவின் மடியிலிருந்து ஆரஞ்சுத் தோல்கள் சிதறின. அவர் வாயைத் திறப்பதற்குள் செவிலி வண்டியை விட்டுவிட்டுக் கட்டிலருகே வந்திருந்தார். "அம்மா, சிரிங்க. ரெண்டு கையையும் தூக்குங்க. இவரு யாரு, சொல்லுங்க." அக்கா மாமாவைப் பார்த்தார். "ஜன்னல்" என்றார். செவிலி சுவரிலிருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினார். பிறகு நடந்ததெல்லாம் ஒரு நல்ல அணி எதிர்த்தாக்குதலுக்குக் கிளம்புகிற மாதிரி நடந்தது. கட்டிலின் பூட்டை ஒருவர் விடுவித்தார், ஒருவர் கதவைப் பிடித்தார், ஒருவர் போனில் ஸ்கேன் அறையைக் காலியாக வைக்கச் சொன்னார். யாரும் கத்தவில்லை. யாரும் முட்டிக்கொள்ளவில்லை.

ஸ்கேன் படத்தைப் பார்த்த மூளை நரம்பு மருத்துவர் தாழ்வாரத்திலேயே எங்களிடம் பேசினார். இளைஞர்தான், ஆனால் குரலில் பதற்றம் இல்லை.

"மூளையோட இடது பக்கம் போற குழாய்ல ஒரு அடைப்பு. பேச்சு அங்கதான் இருக்கு. ரத்தக்கட்டியைக் கரைக்கிற மருந்து இருக்கு, ஆனா நேத்துதான் தொடையில ஓட்டை போட்டிருக்கோம், ரத்தம் நிக்காம போயிடும். அதனால கம்பி வழியா போய்க் கட்டியை இழுத்து எடுக்கலாம். அதுலயும் ஆபத்து உண்டு. குழாய் கிழியலாம், மூளையில ரத்தம் கசியலாம். ஆனா சும்மா இருந்தா நிமிஷத்துக்கு நிமிஷம் மூளை செத்துக்கிட்டிருக்கும். சம்மதமா?"

நாங்கள் இருவரும் மகளைத் தேடினோம். அவள் வழியில் வந்துகொண்டிருந்தாள், கடையிலிருந்து ஓடி வந்து இன்னும் சேரவில்லை. இருந்தது மாமா.

"எடுங்க" என்றார் மாமா. "வேகமா எடுங்க. அவ நிறையப் பேசுறவ. அவளுக்கு அது வேணும்."

அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

முந்தின நாள் உற்சாகமாக உட்கார்ந்திருந்த அதே காத்திருப்பு அறையில் உட்கார்ந்தோம். மகள் வந்து சேர்ந்தாள். நாங்கள் நினைத்ததைவிடச் சீக்கிரம் கதவு திறந்தது. இளம் மருத்துவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்தார். அவர் நடையிலேயே விஷயம் தெரிந்தது.

"வந்துடுச்சு. முதல் இழுப்புலயே முழுசா வந்துடுச்சு. ரத்தம் நல்லா ஓடுது."

கட்டில் வெளியே உருண்டு வந்தது. அக்கா கண்ணை மூடியிருந்தார். மாமா குனிந்து அவர் வலது கையைப் பிடித்தார். அந்தக் கை மாமாவின் விரல்களைத் திருப்பிப் பிடித்தது. பிடித்ததை மூன்று பேரும் பார்த்தோம். மகள் சுவரோடு சாய்ந்து அழுதாள், சிரித்தாள், பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தாள்.

இருட்டுவதற்குள் அக்கா பேசினார். ஒரு வார்த்தைதான். மாமாவைப் பார்த்து, நாக்கைச் சுழற்றிப் பார்த்து, "ஆரஞ்சு" என்றார். மாமாவுக்கு அது தன் பெயரைச் சொன்னதைவிட இனித்திருக்க வேண்டும். இருந்த பழத்தையெல்லாம் உரித்துத் தள்ளிவிட்டார்.

அடைப்பு எங்கிருந்து வந்தது என்று இதய மருத்துவர் பிறகு உட்கார்ந்து விளக்கினார். வலைக்குத் தப்பிய துணுக்காக இருக்கலாம். வலையை எடுத்தபிறகு வால்விலிருந்து கிளம்பியதாக இருக்கலாம். இன்னொன்றும் உண்டு: அன்று காலையில் அக்காவின் இதயத் துடிப்பு கொஞ்ச நேரம் தாளம் தப்பி ஓடியிருந்தது கருவியில் பதிவாகியிருந்தது. அப்படித் தாளம் தப்பும்போது இதயத்தின் மேலறையில் ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போகும். "எதுன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்ச மாதிரி சொல்லமாட்டேன். ஆனா தாளம் தப்புறது மறுபடி வரும். அதுக்கு ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரை கொஞ்ச நாள் கழிச்சு ஆரம்பிக்கலாம். மூளையில பட்ட காயம் ஆறட்டும். அப்புறம் ஒரு வேளை கூட விடக்கூடாது. அடிபட்டா ரத்தம் சீக்கிரம் நிக்காது, அதையும் பாத்துக்கணும்."

அக்கா தலையாட்டினார். பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைத்தார். "ஒரு பக்கம்... அடைச்சா... இன்னொரு பக்கம்... ஒழுகுது."

"அதேதான்" என்றார் மருத்துவர்.

வீட்டுக்கு வந்தபிறகு பேச்சுப் பயிற்சிக்காக ஒரு பெண் வாரத்தில் சில நாட்கள் வந்தார். படங்களைக் காட்டிப் பெயர் கேட்பார். நாற்காலி, சீப்பு, பூனை. அக்காவுக்குச் சலித்துவிடும். நான் பழைய ஆட்டங்களின் புகைப்படங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதன்பிறகு பயிற்சி நேரம் முடிந்தாலும் அவர் விடவில்லை. சீப்புக்குத் திணறியவர், தபால்பெட்டியின் படத்தைப் பார்த்ததும் சரளமாகத் திட்டினார். பயிற்சிக்காரப் பெண் வியந்துபோய்க் குறிப்பு எழுதிக்கொண்டார். அவருக்குக் கால்பந்து என்றால் என்னவென்றே தெரியாது.

உடம்போ, பறந்தது. காலையில் அக்கா நடக்கப் போனால் மாமா பின்னால் ஓட வேண்டியிருந்தது. வால்வு புதிது, மூச்சு புதிது. கிடைத்த மூச்சையெல்லாம் வைத்துக்கொண்டு வார்த்தைக்காகக் காத்திருப்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. "எஞ்சின் இருக்கு," என்றார் ஒருநாள் என்னிடம், "ஸ்டீரிங்... ஸ்டீரிங் இழுக்குது." வேன் ஓட்டுகிற எனக்கு அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாது.

குளிர் விட்டதும் இறுதி ஆட்டம் வந்தது. துறைமுக அணியும் அச்சகத் தொழிலாளர் அணியும். கால்பந்துக் கழகத்தார் வேறொருவரை ஏற்பாடு செய்துவிட்டுத்தான் அக்காவை விருந்தினராகக் கூப்பிட்டார்கள். அக்கா வந்தார், விருந்தினர் இருக்கையைக் கடந்து நேராக எங்கள் அறைக்கு ஏறினார், வர்ணனைக்காரரைப் பார்த்துக் கையை நீட்டினார். அந்த மனிதர் மைக்கைக் கொடுத்தார். கொடுக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவருக்கும் தெரியும்.

"வணக்கம்" என்றார் அக்கா.

மைதானத்தில் எழுந்த சத்தத்தில் அறையின் கண்ணாடி அதிர்ந்தது.

தொடக்கத்தில் நன்றாகத்தான் போனது. மெதுவாக, ஆனால் குறி தப்பாமல் பேசினார். பிறகு பந்து கோட்டுக்கு வெளியே போனது. "இப்ப துறைமுகத்துக்கு ஒரு..." நின்றார். கையால் மூலையைக் காட்டினார், காற்றை உதைத்துக் காட்டினார். கூட்டத்துக்கு அது தெரியாது. ஒலிபெருக்கியில் வெறும் மூச்சுதான் கேட்டது. சொல்லிக் கொடுக்கலாமா என்று வாயெடுத்தேன்.

கிழக்குப் பக்கத்து மேடையிலிருந்து ஒரு குரல் வந்தது. "கார்னர், அக்கா."

"கார்னர்" என்றார் அக்கா. "நன்றி தம்பி. இப்ப தபால்பெட்டி அடிக்கப்போறாரு. யாருக்கும் குடுக்கமாட்டாரு, பாத்துக்கங்க."

அடுத்த முறை நின்றபோது பத்துப் பேர் சொன்னார்கள். அதற்கடுத்து ஒரு மேடையே சொன்னது. முதலில் அக்காவின் முகம் சுருங்கியது. எனக்குத் தெரியும், அவருக்கு இரக்கம் பிடிக்காது. ஆனால் இது இரக்கமாக இல்லை. அவர்கள் அந்த இடைவெளிக்காகக் காத்திருந்தார்கள், யார் முதலில் சொல்வது என்று போட்டி போட்டார்கள். மேற்கு மேடை 'தலையால' என்றால் கிழக்கு மேடை 'முட்டியால' என்றது. அக்காவின் கண்ணில் பழைய குறும்பு ஏறுவதைப் பார்த்தேன். இரண்டாம் பாதியில் அவர் எங்கே உண்மையாகவே தடுமாறினார், எங்கே வேண்டுமென்றே நிறுத்தினார் என்று பக்கத்தில் இருந்த எனக்கே தெரியவில்லை. "நடுவர் ஒரு பெரிய..." என்று நிறுத்தி, ஐயாயிரம் பேரை அந்த வாக்கியத்தை முடிக்க விட்டார். நடுவர் எங்கள் அறையைப் பார்த்து விரலை ஆட்டினார்.

ஆட்டமென்று பார்த்தால் அது ஒரு சப்பையான ஆட்டம். ஒரு கோலும் விழவில்லை. அன்று முழுவதும் நான் பலகையைத் தொடவே இல்லை. கோப்பையை இரண்டு அணிகளுக்கும் பொதுவாகக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் விசில் ஊதியதும் கூட்டம் வீட்டுக்குப் போக மறுத்து நின்று கத்திக்கொண்டிருந்தது.

வாசலில் பேச்சுப் பயிற்சிக்காரப் பெண் எங்களுக்காகக் காத்திருந்தார். அக்கா கூப்பிட்டதால் வந்தவர், அதுதான் அவர் பார்த்த முதல் ஆட்டம். கத்திக் கத்தி அவர் குரலே கட்டியிருந்தது. மாமாவிடம் கேட்டார்: "கடைசியில யாருங்க ஜெயிச்சாங்க?"

"யாரும் ஜெயிக்கல."

"அப்ப எதுக்கு எல்லாரும் இந்தக் கத்து கத்தினோம்?"

சற்றுத் தள்ளி ஆட்டக்காரர்கள் நடுவே நின்றிருந்த அக்கா, தபால்பெட்டி தவறவிட்ட பந்தைக் காலால் உதைத்துக் காட்டி அவனிடம் விளக்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. மாமா அந்தப் பக்கம் கையைக் காட்டிவிட்டு, மாத்திரைப் பெட்டியை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தார்.